மண்ணுக்குள் கிடக்கும் சரித்திரம்

சாரல் காலம் வந்துவிட்டால், குற்றால அருவியில் நீராடி மரத்தடியில் கட்டுச்சோறு உண்போர் தொகை சொல்லி முடியாது. அவர்கள் தவறவிடும் சில்லறை ஒருபுறமிருக்க, தென்காசிப் பாண்டியர் ஆண்ட அம்மண்ணில் பழங்காசு கிடப்பதும் அதிசயமன்று. நிலத்தடி உலோகத்தை ஒலித்துக் காட்டும் கருவி இன்று விலைக்கு எளிதில் கிடைக்கிறபடியால், அதை ஏந்தி மலைக்காட்டில் புகும் ஆசை சிலருக்கு எழலாம். அதற்கு இடங்கொடுத்தலாகாது என்பதே நமது அபிப்பிராயம்.

தோண்டிய குழி தூர்ந்துவிடும். காசு எந்த மண்ணடுக்கில், எப்பொருளோடு கிடந்தது என்ற செய்தி மீளாது. கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் காசுகளில் மாக்கோதை, கொல்லிப்பொறை என்ற பெயர்களை அறிஞர் படித்தனர். அவை நமது பாக்கியத்தால் தப்பியவை. உருக்கப்பட்டு அழிந்தவை எத்தனையோ!

ஆயினும் குற்றம் தேடுவோருடையது மட்டுமன்று. பிரிட்டிஷார் 1878-ம் வருஷம் இயற்றிய புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொன்னது. சர்க்கார் அதை எடுத்துக்கொண்டால், உலோக மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கும் சேர்த்துத் தர விதித்தது. அக்கணக்கில் ஒரு செப்புக்காசுக்கு என்ன கிடைக்கும்? வியாபாரி பன்மடங்கு கொடுப்பானே! இங்கிலாந்தோ தன் நாட்டுக்கு 1996-ல் புதுச் சட்டம் செய்து, சந்தை மதிப்புவரை பரிசளிக்க வழி வகுத்துக்கொண்டது.

காட்டில் கருவிக்குத் தடை. தற்செயலாய்க் கண்டு ஒப்படைப்போனுக்குத் தக்க பரிசு. இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும். தண்டனையை மட்டும் காட்டினால் காசு உலைக்குப் போகும். சரித்திரமும் அதனோடு போகும்.