இடமில்லை என்றொரு அறிவிப்பு

நினைவகம் வேறு, சேமிப்பகம் வேறு. செயலிகள் இயங்குகையில் மட்டும் பயன்படும் ரேம், கைப்பேசி அணைந்தால் அனைத்தையும் மறந்துவிடும். சேமிப்பகமோ நாம் அழிக்கும்வரை காத்து வைத்திருக்கும். இரண்டையும் ‘மெமரி’ என்றே வழங்குகிறோம் (தமிழாசிரியர்களும் விலக்கல்லர்!). சென்ற ஆண்டு கைப்பேசி திணறியபோது, இடமில்லை என்ற அறிவிப்பைக் கண்டு பதறி, கையில் அகப்பட்ட ஒலிப்பதிவுகளை அழித்தோம். மறைந்த அப்பத்தா பாடிய ஒப்பாரியும் அவற்றோடு போயிற்று. அமைப்புகளில் சேமிப்பகக் கணக்கைப் பார்த்தது அதன் பிறகுதான். ஒலிப்பதிவுகள் அடைத்திருந்த இடம் அற்பம். பெரும்பகுதியை விழுங்கியிருந்தவை வாட்ஸப்பில் பலமுறை பகிரப்பட்டு வந்த காலை வணக்கக் காணொளிகள். அவற்றைத் தனியே திரட்டிக் காட்டி அழிக்கும் வசதி அச்செயலியிலேயே இருக்கிறது. தற்காலிகக் கோப்புகளை நீக்கினாலும் பாதகமில்லை. செயலியின் தரவை நீக்குவதுதான் ஆபத்து. இப்போது எஞ்சிய பதிவுகளுக்குக் கணினியிலும் ஒரு படி வைத்திருக்கிறோம்.