சந்தை தீர்மானித்ததாம், டிசம்பர் மேடையை!

நவம்பர் பாதி தாண்டிவிட்டால் போதும். அமெரிக்காவில் கொஞ்சம் பெரிய ஊர் எதுவானாலும் சரி, "வரவிருக்கும் நடன நிகழ்ச்சிகள்" என்று அங்கே வெளியாகும் பட்டியல் ஒரே மாதிரிதான் இருக்கும். தலைப்பில் பாலே, டேப், கன்டெம்பரரி என்று மூன்றும் வரிசைகட்டி நிற்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ஊரின் தொழில்முறை பாலே குழு நடத்தும் நட்கிராக்கர், நடனப் பள்ளிக் குழந்தைகள் ஆடும் நட்கிராக்கர், பக்கத்து ஊர்ப் பள்ளியின் நட்கிராக்கர், வெளியூரிலிருந்து வந்து ஒரே ராத்திரி ஆடிவிட்டுக் கிளம்பும் குழுவின் நட்கிராக்கர். கடைசியில் ஏதோ ஒரு கல்லூரி அரங்கில், யாரும் வராத ஒரு வார நாள் மாலையில், கன்டெம்பரரி. டேப்பைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

ஏன் இப்படி என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். "ஜனங்க அதைத்தான் கேட்கிறாங்க. சந்தை தீர்மானிக்குது."

காமர்ஸ் படிக்கிற யாரும் இந்தப் பதிலில் மயங்கிவிடக் கூடாது. தேவை, அளிப்பு என்று இரண்டு கோடு போட்டு, அவை வெட்டும் புள்ளியைக் காட்டி, "இதுதான் சந்தை" என்று சொல்லித் தருவது முதல் பாடம். அதற்கு அடுத்த பாடமே வரியும் மானியமும் வந்தால் அந்தக் கோடுகள் எப்படி நகரும் என்பதுதான். தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிடுகிற பாடம் அது. அமெரிக்க டிசம்பர் மேடையின் கதை முழுக்க அந்த இரண்டாவது பாடத்தில்தான் இருக்கிறது.

முதலில் நட்கிராக்கர் பற்றி, தெரியாதவர்களுக்காக. 1892 டிசம்பரில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிய பாலே. இசை சைக்கோவ்ஸ்கி. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஒரு சிறுமிக்குக் கொட்டை உடைக்கும் பொம்மை பரிசாக வருகிறது, அது உயிர்பெற்று எலி ராஜாவுடன் சண்டை போடுகிறது, பிறகு பனி, இனிப்புகளின் தேசம், சுபம். அரங்கேறியபோது விமர்சகர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆமாம், இன்று "ஜனங்க கேட்கிறாங்க" என்று சொல்லப்படும் இதே படைப்புதான்.

ஒரு சரக்காகப் பார்த்தால் இதைப்போல் கெட்டிக்காரச் சரக்கு கிடையாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இசைக்கு ராயல்டி இல்லை, காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. செட்டும் உடையும் ஒருமுறை செய்தால் பல வருடம் ஓடும். முக்கியமான விஷயம், கதை நிறையக் குழந்தைகளைக் கேட்கிறது. விருந்துக்கு வரும் பிள்ளைகள், எலிகள், சிப்பாய்கள், தேவதைகள். நியூயார்க் சிட்டி பாலே மாணவர்களை இரண்டு அணியாக வைத்து ஆடுகிறது. ஒரு குழந்தை எலி வேஷம் கட்டினால் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, அத்தை என்று குறைந்தது ஐந்து டிக்கெட். நம் ஊர் பள்ளி ஆண்டு விழாவில் "மரமாக" நின்ற பிள்ளைக்காகக் குடும்பமே முதல் வரிசையில் உட்காருமே, அதே கணக்கு. என்ன, இங்கே டிக்கெட் உண்டு :-)

பல பெரிய பாலே குழுக்களுக்கு வருட டிக்கெட் வருமானத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இந்த ஒன்றிலிருந்தே வருகிறது. தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதத்தை நம்பி வருடம் முழுக்கக் கடை நடத்தும் ஜவுளிக்காரர் மாதிரி.

சரி, அமெரிக்காவில் இது எப்போது வேரூன்றியது? முழுநீள நட்கிராக்கரை அந்த நாட்டில் முதலில் மேடையேற்றியது சான்பிரான்சிஸ்கோ பாலே. வில்லம் கிறிஸ்டென்சன் அமைத்தது. ஆண்டு 1944, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். அந்த ஆண்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டேப் (ஒலிநாடா டேப் இல்லை). காலணியின் அடியில், முன்பக்கமும் குதியிலும், உலோகத் தகடு பொருத்தித் தரையைத் தட்டி ஆடும் நடனம். ஆட்டக்காரரே தாளக்காரரும். கண்ணை மூடிக்கொண்டும் ரசிக்கலாம், அவ்வளவு கணக்கு வழக்கு அந்தக் காலில். இது பிறந்த கதை சாதாரணமானது அல்ல. 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் ஸ்டோனோ ஆற்றங்கரையில் கிளர்ச்சி செய்தார்கள். அடுத்த வருடமே அங்கே கறுப்பர்கள் முரசு வைத்திருக்கவும் அடிக்கவும் தடை வந்தது. முரசைப் பிடுங்கினால் காலும் கையும் முரசாகாதா? அந்தக் கால் தாளமும், அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகளின் ஜிக் ஆட்டமும், இங்கிலாந்து ஆலைத் தொழிலாளிகளின் மரக்காலணி ஆட்டமும் நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் மாதிரியான சேரிப் பகுதிகளில் கலந்து உருவானதுதான் டேப். 1842இல் சார்லஸ் டிக்கன்ஸ் தன் அமெரிக்கப் பயணநூலில் அங்கே பார்த்த ஒரு கறுப்பின ஆட்டக்காரரை வியந்து எழுதியிருக்கிறார். பாலே ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தது. டேப் அந்த மண்ணிலேயே முளைத்தது.

1920, 30களில் டேப் இல்லாத இரவு விடுதியும் கிடையாது, ஹாலிவுட் இசைப்படமும் கிடையாது. பில் ரொபின்சன் படிக்கட்டில் ஏறி இறங்கி ஆடியதும், 1943இல் 'ஸ்டார்மி வெதர்' படத்தில் நிக்கோலஸ் சகோதரர்கள் ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் தாவிக் கால்களை விரித்து இறங்கியதும் இன்றும் யூடியூபில் கிடைக்கும். இதையெல்லாம் வாய் பிளந்து பார்த்ததும் அதே ஜனங்கள்தான்.

பிறகு வந்தது 1944. போர்க்கால நிதிக்காக அமெரிக்க அரசு இரவு விடுதிகள் மீதிருந்த கேபரே வரியை அந்த ஏப்ரலில் ஒரேயடியாக 30 சதவீதமாக ஏற்றியது. கூச்சல் கிளம்பியதும் சில மாதங்களில் 20 ஆக்கினார்கள். யாருக்கு வரி? பாட்டோ நடனமோ இருக்கிற விடுதிக்கு. அங்கே சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றுக்கும் சேர்த்து வரி. வெறும் வாத்திய இசை மட்டும் என்றால் வரி இல்லை. விடுதிக்காரர் என்ன செய்வார்? ஆட்டக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாலு வாத்தியக்காரரை மட்டும் வைத்துக்கொண்டார். போர் அடுத்த வருடம் முடிந்தது, வரி முடியவில்லை. 1960இல் 10 சதவீதமாகக் குறைந்து, 1965இல்தான் முழுதாக ஒழிந்தது. இருபது வருடம்! ஒரு தலைமுறை டேப் கலைஞர்கள் வேறு வேலை தேடிப் போக அது போதாதா?

வரி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பெரிய ஜாஸ் இசைக்குழுக்கள் கலைந்தன, தொலைக்காட்சி வந்தது, 1943இல் 'ஓக்லஹோமா' வெற்றிக்குப் பிறகு பிராட்வே இசைநாடகங்களும் பாலே பக்கம் சாய்ந்தன. ஆனால் விழுகிறவன் முதுகில் மூட்டையை ஏற்றியது யார் என்பது வேறு கேள்வி.

அந்தப் பக்கம் பாலேவுக்கு என்ன நடந்தது? 1954இல் ஜார்ஜ் பாலன்சின் நியூயார்க்கில் தன் நட்கிராக்கரை மேடையேற்றினார். சில வருடங்களில் சிபிஎஸ் அதை நாடு முழுக்க ஒளிபரப்பியது. 1963 டிசம்பரில் ஃபோர்டு அறக்கட்டளை 77 லட்சம் டாலருக்கும் அதிகமாக நிதி அறிவித்தது. போனது எட்டு அமைப்புகளுக்கு. எட்டும் பாலே. பெரும்பகுதி பாலன்சினின் குழுவுக்கும் பள்ளிக்கும். அந்தப் பணத்தில்தான் பாஸ்டனிலும் பிலடெல்பியாவிலும் ஹூஸ்டனிலும் பாலே குழுக்கள் காலூன்றின. கன்டெம்பரரிக்கு முன்னோடியான மாடர்ன் நடனக்காரர்கள் கொதித்துப்போனார்கள், அவர்களுக்கு அதில் ஒரு சல்லிக்காசு இல்லை. டேப்புக்கு இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா? கேபரே வரி அப்போதும் அமலில் இருந்தது. ஒரே டிசம்பரில் ஒரு நடனத்துக்கு மானியம், இன்னொரு நடனத்துக்கு வரி. ஐம்பது அறுபது வருடம் கழித்து வந்து, கோடுகள் வெட்டும் புள்ளியைக் காட்டி, "பாருங்கள், சந்தை!" என்கிறார்கள்.

தரை விஷயம் இன்னும் வேடிக்கை. பாலேவுக்கும் கன்டெம்பரரிக்கும் மேடையில் வினைல் விரிப்பு போடுவார்கள், மார்லி என்று பெயர். டேப்புக்கு மரம் வேண்டும். மரத்தில்தான் ஓசை, அந்த ஓசைதான் நடனம், அதைக் கூட்டத்துக்குக் கேட்க வைக்கத் தரையோரம் மைக் வேண்டும். "டேப் காலணியோடு ஏறக் கூடாது" என்று விதி வைத்திருக்கிற அரங்குகள் நிறைய. விரிப்பு கிழியுமாம், தரை கீறுமாம். மேடை தராமலே "டேப்புக்குக் கூட்டம் வராது" என்று முடிவு கட்டுவது, கடையே திறக்க விடாமல் "உனக்கு வியாபாரம் தெரியாது" என்பதைப் போல.

டேப்புக்கு டிசம்பரில் கூட்டம் வராது என்பதும் பொய். 1933 முதல் நியூயார்க் ரேடியோ சிட்டியில் ராக்கெட்ஸ் பெண்கள் வரிசைகட்டி ஆடும் கிறிஸ்துமஸ் காட்சி நடக்கிறது, அதில் டேப் உண்டு. பாஸ்டனில் என்ன நடந்தது தெரியுமா? வாங் அரங்கத்தில் முப்பது வருடத்துக்கும் மேலாக நட்கிராக்கர் ஆடிவந்த பாஸ்டன் பாலேவை, 2004 டிசம்பருக்கு இடமில்லை என்று அனுப்பிவிட்டு ராக்கெட்ஸ் காட்சியைக் கொண்டுவந்தார்கள். பாலேக்காரர்கள் வேறு அரங்கு தேடி அலைந்தார்கள். ஆக, முதலீடு செய்தால் கூட்டம் வரும். அந்த முதலீடு யார் காலுக்குப் போனது என்பதில்தான் வயிறு எரிகிறது. முரசு பறிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் வளர்த்த ஆட்டத்தை ஆடிய அந்த வரிசையில், முதல் கறுப்பினப் பெண் சேர்க்கப்பட்டது 1987இல்! அதுவரை சொன்ன சாக்கு, வரிசை ஒரே மாதிரி தெரிய வேண்டுமாம்.

1989இல் அமெரிக்க அரசு டேப்புக்கு ஒரு மரியாதை செய்தது. பில் ரொபின்சன் பிறந்த மே 25ஐத் தேசிய டேப் நாள் என்று சட்டம் போட்டது. ஒரு நாள் கொடுத்தார்கள். மேடை? அதைக் கேட்கக் கூடாது.

இன்று டிசம்பரில் நல்ல மேடை வேண்டுமென்றால் டேப்பும் கன்டெம்பரரியும் என்ன செய்ய வேண்டியிருக்கிறது? நட்கிராக்கர் சட்டையை மாட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. மாடர்ன் நடனத்தில் மார்க் மோரிஸ் 1991இல் 'தி ஹார்ட் நட்' செய்தார். டொனால்ட் பேர்ட் 1996இல் 'ஹார்லம் நட்கிராக்கர்' செய்தார். டேப்பில் மிஷெல் டோரன்ஸ், 2015இல் மெக்கார்தர் விருது பெற்றவர், 2019 டிசம்பரில் செய்ததும் நட்கிராக்கர்தான். எலிங்டனும் ஸ்ட்ரேஹார்னும் 1960இல் ஜாஸாக மாற்றிய சைக்கோவ்ஸ்கி இசைக்கு. மூன்றும் மட்டமானவை அல்ல. மோரிஸின் பனிக்காட்சி, ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி குட்டைப்பாவாடை கட்டிக் கைநிறையப் பனியை வீசுவது, மூலத்தையே தூக்கிச் சாப்பிடும். கேள்வி அதுவல்ல. சொந்தப் பெயரில் வந்தால் திறக்காத கதவு, நட்கிராக்கர் என்று தட்டினால் மட்டும் ஏன் திறக்கிறது?

பாலேக்காரர்கள் தரப்பில் ஒரு வாதம் உண்டு, அதுதான் கொஞ்சம் வலுவானது. நட்கிராக்கர் லாபம் இல்லாவிட்டால் மற்ற பதினோரு மாதம் புதிய படைப்பு ஏது, நடனக்காரர்களுக்குச் சம்பளம் ஏது என்பார்கள். உண்மைதான். பாமோல், போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1966இலேயே சொல்லிவிட்டார்கள்: தொழிற்சாலையில் உற்பத்தித்திறன் வருடாவருடம் ஏறும், மேடைக்கலையில் ஏறாது, ஆனால் கூலி மட்டும் மற்ற இடங்களோடு சேர்ந்து ஏறும், ஆகவே கலைக்குழுவின் கணக்கில் எப்போதும் துண்டு விழும். அந்தத் துண்டை அடைக்கத்தான் இந்தக் கறவை மாடு. ஆனால் அந்தப் பால் யார் வீட்டுக்குப் போகிறது? அந்த லாபத்தில் அதே பாலே குழுவின் வசந்தகால நிகழ்ச்சி நடக்கிறது. அதே ஊர் டேப் ஆசிரியருக்கு அதில் ஒரு டம்ளர்கூட இல்லை. அவருக்குக் கிடைப்பது, நட்கிராக்கர் ஒத்திகை தொடங்கியதும் வகுப்பிலிருந்து காணாமல் போகும் பிள்ளைகளின் காலி இடம்.

அந்த மாடும் எத்தனை நாள் கறக்கும்? 2020இல் கொரோனா வந்தது. 1954இலிருந்து விடாமல் வந்த நியூயார்க் நட்கிராக்கர் முதல்முறையாக ரத்தானது, நாடு முழுக்க அப்படியே. ஒரே ஒரு சரக்கை நம்பிய குழுக்கள் அந்த வருடம் நன்கொடையாளர் வாசலில் நின்றன. ஒரே தூணில் கூரை போட்டால் இதுதான்.

நட்கிராக்கரைத் தடை செய் என்று யாரும் கேட்கவில்லை. எலி வேஷம் கட்டும் பிள்ளையின் சந்தோஷம் நியாயமானது. ஆனால் வரிச்சலுகையும் பொதுநிதியும் வாங்குகிற அரங்குகள், மானியம் வாங்குகிற குழுக்கள், "ஜனங்க விருப்பம்" என்று கையை விரிக்கும் உரிமையை அந்தப் பணத்தோடு சேர்த்து வாங்கவில்லை. டிசம்பரின் நாலு வார இறுதியில் ஒன்றை, சொந்தப் பெயரில் வரும் டேப்புக்கும் கன்டெம்பரரிக்கும் அவர்கள் ஒதுக்கட்டும். நட்கிராக்கர் டிக்கெட் விற்கும் அதே கவுன்ட்டரில், அதே விளம்பரத்தாளில், அதற்கும் இடம் கொடுக்கட்டும். ஒன்றிரண்டு வருடமல்ல, பாலேவுக்குக் கொடுத்த மாதிரி பத்து வருடம் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு சந்தையைப் பற்றிப் பேசலாம். தரை கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: துண்டு துண்டாகக் கழற்றி மாட்டும் மரத்தரை கடையில் கிடைக்கிறது. காலையில் போட்டு, ராத்திரி ஆட்டம் முடிந்ததும் கழற்றிவிடலாம்.