பாங்கு சொன்ன செவி கேட்கிறதா?

குழந்தை பிறந்ததும் அதன் வலச்செவியில் பாங்கு சொல்கிறோம். அந்தச் செவிக்குக் கேட்கும் திறன் இருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் சோதித்துப் பார்க்கிறோம்?

நாங்குநேரியில் நம் மக்தபுக்கு ஒரு சிறுவன் ஓத வந்தான். ஷீனை ஸீன் என்றே ஓதுவான். பின்னாலிருந்து அழைத்தால் திரும்பமாட்டான். கவனமில்லாதவன் என்று பல மாதங்கள் கடிந்துகொண்டோம். ஒருநாள் அவன் காதில் பஞ்சைக் கண்டு தாயாரிடம் விசாரித்தபோது, "ரெண்டு வருசமா காது ஒழுகுது ஹஜ்ரத், எண்ணெய் காய்ச்சி ஊத்துறோம்" என்றார். செவியின் குறைக்காக அந்தப் பிள்ளையைத் தண்டித்திருக்கிறோம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக!

சீழ் வடியும் காதில் பெரும்பாலும் செவிப்பறை ஓட்டையாகியிருக்கும். அதில் எண்ணெய் ஊற்றுவது நோயை வளர்க்கும். கவனியாது விட்டால் காதின் பின்புற எலும்பை அரித்து, மூளைவரை கிருமி பரவவும் கூடும். காதுக்கு மேலுள்ள தசையை மூடிய மெல்லிய சவ்வை எடுத்து, நுண்ணோக்கி வழியே பார்த்து அவ்வோட்டையை அடைக்கும் நுண்ணறுவை சிகிச்சை இன்று பரவலாகச் செய்யப்படுகிறது. நம் மாணவனுக்கும் அதுவே நடந்தது. இன்று அவன் ஷீனை ஷீனாகவே ஓதுகிறான், அல்ஹம்துலில்லாஹ்.

பிறவியிலேயே கேளாத குழந்தையின் நிலை இன்னும் அவசரமானது. மொழியைக் கற்கும் ஆற்றல் மூளையில் இளவயதிலேயே மிகுதி. ஆகவே காக்ளியர் கருவியை எவ்வளவு முன்னதாகப் பொருத்துகிறோமோ அவ்வளவு பலன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்தின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இச்சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதன்பின் பேச்சுப் பயிற்சியும் தவறாது அளிக்க வேண்டும்.

"பிள்ளை மெதுவாகத்தான் பேசும்" என்று காத்திருப்போரும், "காதில் கருவி என்றால் பெண்ணுக்குச் சம்பந்தம் அமையாது" என்று மறைப்போரும் இந்த வயதையே இழக்கிறார்கள். இதைத் தவக்குல் என்று கூறுவது தவறு. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்களே ஏவியிருக்கிறார்கள்.

பெற்றோர்களே! பிறந்த குழந்தை உறங்கும்போதே சில நிமிடங்களில் செவித்திறனைச் சோதித்துவிடலாம். பாளையங்கோட்டையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு ஒரு பேருந்துப் பயணத் தூரம்தான். உஸ்தாதுமார்களே! பிரம்பை எடுக்குமுன் பிள்ளையின் காதைப் பாருங்கள்.

செவிப்புலன் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணுவோருள் நம்மையும் அவன் சேர்ப்பானாக. ஆமீன்.