பந்திக்கு முந்துவது நியாயமா?

(பத்தாம் வகுப்பு மாணவி)



இவ்வாண்டு எங்கள் நன்னெறி வகுப்பில் சிஸ்டர் ஒரு கேள்வி கேட்டார். "நாற்பது பேர் இருக்கும் இடத்தில் பத்துப் பேருக்குத்தான் மருந்து இருக்கிறது. யாருக்கு முதலில் கொடுப்பீர்கள்?" வகுப்பே கலகலத்தது. சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றாள் ஒருத்தி. முதலில் வந்தவருக்கு முதலில் என்றாள் மற்றொருத்தி. வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி கொடுக்கலாம் என்றாள், பதிவேட்டில் முதல் பெயருக்கு உரிய தோழி. நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். சிஸ்டர் சிரிக்கவில்லை. "2021-ஆம் ஆண்டில் இது வேடிக்கைக் கேள்வியாக இருக்கவில்லை. வீட்டில் பெரியவர்களைக் கேட்டு, உங்கள் விடையை எழுதி வாருங்கள்" என்றார். அவ்வாறு எழுதத் தொடங்கியதே இக்கட்டுரை.

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்று நம் ஊரில் விளையாட்டாகச் சொல்வார்கள். கலியாணப் பந்தியில் முந்தினால் பெரிய நட்டம் யாருக்கும் இல்லை. பிந்தியவர்க்கு அப்பளம் குறையலாம், அவ்வளவே. ஆனால் கொள்ளைநோய்க் காலத்தில் தடுப்பூசிப் பந்தியில் யார் முந்தினார், யார் பிந்தினார் என்பது உயிரைப் பற்றிய செய்தி அல்லவா?

வரிசை எப்படி அமைந்தது?

கொரோனாத் தடுப்பூசி நம் நாட்டில் 2021 ஜனவரி 16-ஆம் நாள் போடத் தொடங்கப்பட்டது. முதல் இடம் மருத்துவர், செவிலியர், மருத்துவமனைப் பணியாளர் ஆகியோருக்கு. பிப்ரவரியில் காவல் துறையினர், துப்புரவுப் பணியாளர் போன்ற முன்களப் பணியாளருக்கு. மார்ச் 1 முதல் 60 வயது நிரம்பியவருக்கும், 45 முதல் 59 வயது வரை உள்ளவருள் குறிப்பிட்ட 20 நோய்நிலைகளில் ஒன்று உடையவருக்கும். ஏப்ரல் 1 முதல் 45 வயது நிரம்பிய அனைவருக்கும். மே 1 முதல் 18 வயது நிரம்பிய அனைவருக்கும்.

இவ்வரிசை எதற்காக? 18 வயதுக்கு மேற்பட்டோர் நம் நாட்டில் ஏறத்தாழ 94 கோடிப் பேர். ஒருவருக்கு இரண்டு ஊசி என்றால் 188 கோடி ஊசி வேண்டும். இவ்வளவும் ஒரே நாளில் எங்கிருந்து கிடைக்கும்? ஆகவே யாரேனும் காத்திருக்கத்தான் வேண்டும். வயது ஏற ஏற இந்நோயால் இறக்கும் ஆபத்தும் ஏறியது. மருத்துவரும் செவிலியரும் நாள்தோறும் நோயாளியின் மூச்சுக்காற்றுக்கு எதிரே நின்றார்கள். அவர்கள் படுத்துவிட்டால் மற்றவரைப் பார்ப்பதற்கும் ஆள் இல்லை. எனவே அவர்களை முன்னே நிறுத்தியது சரியே என்பது என் கருத்து.

எல்லா நாடுகளும் இவ்வாறே செய்யவில்லை. இந்தோனேசியா மருத்துவப் பணியாளருக்கு அடுத்தபடியாக 18 முதல் 59 வயது வரையுள்ள உழைக்கும் மக்களை முன்னே நிறுத்தியது. வெளியே சென்று வேலை செய்வோரே நோயைப் பரப்புகின்றனர், அவர்களைக் காத்தால் வீட்டிலுள்ள முதியோரும் காக்கப்படுவர் என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. இதிலும் நியாயம் இருக்கிறது. நியாயமான வரிசை ஒன்றுதான் என்பதில்லை. ஆனால் எந்த வரிசையானாலும் அதன் காரணத்தை மக்கள் முன் வெளிப்படையாகச் சொல்ல முடிய வேண்டும்.

சித்தப்பாவும் பால்கார அண்ணனும்

எங்கள் பாட்டிக்கு மார்ச் மாதமே ஊசி கிடைத்தது. அப்பாவுக்கு ஏப்ரலில். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்ததாக நினைக்கிறேன். எனக்குச் சந்தேகம் எழுந்தது மே மாதத்தில்தான். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன்.

என் சித்தப்பாவுக்கு அப்போது வயது 38. கணினி நிறுவனத்தில் வேலை. மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தார். எங்கள் வீட்டுக்குப் பால் போடும் அண்ணனுக்கும் ஏறக்குறைய அதே வயது. ஊரடங்கிலும் அவர் ஒரு நாள் கூட நிற்கவில்லை. விடியற்காலையில் எங்கள் தெருவில் மட்டும் அறுபது, எழுபது வீட்டு வாசல்களில் ஏறி இறங்குவார். அவரைக் கண்டு எங்களுக்குப் பயம். பாக்கெட்டை வாசற்கதவுக்கு வெளியே பையில் போட்டுவிட்டுத் தள்ளி நிற்கச் சொல்வோம். பாக்கெட்டைச் சோப்பு நீரில் கழுவுவது என் வேலை.

மே முதல் தேதி பிறந்த விதியின்படி இருவரும் சமம். 18 முதல் 44 வயது வரை எல்லோருக்கும் தகுதி உண்டு. ஆனால் அவ்வயதினர் இணையத்தில் 'கோவின்' தளத்தில் பதிவு செய்து, நாளும் நேரமும் பெற்ற பிறகே போக வேண்டும். நேரில் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சித்தப்பா ஒரு கையில் கைப்பேசியும் எதிரே மடிக்கணினியுமாக உட்கார்ந்திருப்பார். இடம் திறந்தது என்றால் கண் மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிடும். நான்கு நாள் முயன்று, ஐந்தாம் நாள் ஒரு தனியார் மருத்துவமனையில் இடம் பிடித்தார். பணம் கட்டிப் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

பால்கார அண்ணனிடம் இருந்தது பொத்தான் அழுத்திப் பேசும் சிறிய கைப்பேசி. மே மாதக் கடைசியில் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பல நாள் வரவில்லை. எட்டாம் வகுப்பு படிக்கும் அவர் மகன் முகக்கவசம் கட்டிக்கொண்டு வந்து பால் போட்டான். அண்ணன் திரும்பி வந்தபோது சட்டை தோளில் தொங்கியது. இரண்டு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. ஊசி போட்டிருந்தால் அவருக்கு நோயே வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன்; அப்படிச் சொல்ல எவராலும் முடியாது. ஆனால் இருவருள் யாருக்கு ஊசி அவசரம் என்று என்னைக் கேட்டிருந்தால், ஐந்தாம் வகுப்புச் சிறுமியான நானே சரியாகச் சொல்லியிருப்பேன்.

என் சித்தப்பா நல்லவர். அவர் எந்த விதியையும் மீறவில்லை, சிபாரிசு பிடிக்கவில்லை, பொய்ச் சான்றிதழ் வாங்கவில்லை. அதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. தவறு செய்தவர் ஒருவர் இருந்தால் அவரைக் குறை சொல்லிவிட்டுப் போகலாம். ஒருவரும் தவறு செய்யாமலே அநியாயம் நடந்தது என்றால், விதியில் அல்லவா ஓட்டை இருக்கிறது?

விதியும் வாசலும்

தகுதி என்பது வேறு, வாய்ப்பு என்பது வேறு. "எல்லோரும் வரலாம்" என்று கதவில் எழுதி வைத்துவிட்டு, அந்தக் கதவை மூன்றாம் மாடியில் வைத்தால், நடக்க முடியாதவருக்கு அந்த எழுத்தால் என்ன பயன்? மார்ச் மாதத்து விதியிலும் இக்குறை சிறிது இருந்தது. நோய் உள்ளவர் என்பதற்கு மருத்துவரின் சான்று கேட்டார்கள். ஆனால் சர்க்கரை நோய் இருந்தும் ஒரு முறை கூட இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளாத ஏழைகள் எத்தனையோ பேர். நோய் உடலில் இருக்கிறது. காகிதம் கையில் இல்லை. விதி காகிதத்தைத்தான் பார்த்தது.

இதை உணர்ந்து பின்னர்த் திருத்தங்கள் வந்தன. அதையும் சொல்வதே முறை. அடையாள அட்டை ஏதும் இல்லாதவர்க்கும் ஊசி போட வழி செய்யும் நெறிமுறை மே 6-ஆம் நாள் வெளியாயிற்று. மே 24 முதல் 18-44 வயதினரும் அரசு மையங்களில் நேரில் பதிவு செய்துகொள்ள இசைவு கிடைத்தது. உச்ச நீதிமன்றம் இவ்வழக்கைத் தானாகவே எடுத்து விசாரித்து, 45 வயதுக்கு மேற்பட்டோருக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டு, 18-44 வயதினரைப் பணம் செலுத்த வைக்கும் கொள்கை மேலெழுந்தவாரியாகப் பார்க்கும்போதே தன்னிச்சையானது, பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று மே 31 நாளிட்ட ஆணையில் கண்டித்தது. இணையத்தை மட்டுமே நம்பியிருந்தால் ஏழை எளியோர் விடுபட்டுப் போவர் என்றும் கவலை தெரிவித்தது. ஜூன் 21 முதல் 18 வயது நிரம்பிய அனைவருக்கும் அரசு மையங்களில் மத்திய அரசின் செலவிலேயே இலவச ஊசி என்றாயிற்று. தனியார் மருத்துவமனைகளுக்கு 25 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. அங்கே கோவிஷீல்டு 780 ரூபாய், கோவாக்சின் 1,410 ரூபாய் என்று உச்சவிலை வைத்தார்கள்.

நம் தமிழகத்தில் 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை மாபெரும் முகாம் நடந்தது. பள்ளிக்கூடம், சத்துணவுக் கூடம், பேருந்து நிலையம் என்று ஏறத்தாழ 40,000 இடங்களில் ஊசி போட்டார்கள். ஒரே நாளில் 28 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள்! எங்கள் தெருமுனை மாநகராட்சிப் பள்ளியில் பால்கார அண்ணன் ஊசி போட்டுக்கொண்டதும் அன்றுதான். கைப்பேசியைக் கேட்கவில்லை, பெயரைக் கேட்டு ஒரு சகோதரி எழுதிக்கொண்டார். மக்கள் ஊசியைத் தேடி ஓடியது போய், ஊசி மக்களைத் தேடி வந்தது. இதை மே மாதமே செய்திருக்கலாமே என்று கேட்டேன். "அப்போது ஊசியே இல்லையே, அம்மா" என்றார் அப்பா. உண்மைதான். ஆனால் குறைவாக இருக்கும்போதுதானே பங்கீட்டில் அதிகக் கவனம் வேண்டும்? நிறைய இருக்கும்போது நியாயமாகப் பங்கிடுவது எளிது.

கடல் கடந்த வரிசை

எங்கள் தெருவில் நடந்தது உலகத்திலும் நடந்தது. 2021 ஜனவரி 18 அன்று உலக சுகாதார அமைப்பின் தலைவர் டெட்ராஸ் ஒரு கணக்கைச் சொன்னார். அதுவரை 49 வசதியான நாடுகளில் 3 கோடியே 90 இலட்சம் ஊசிகள் போடப்பட்டிருந்தன. மிக ஏழை நாடுகளுள் ஒன்றில் போடப்பட்டவை 25. ஆம், இருபத்தைந்தே ஊசிகள்! எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குச் சற்றுக் கூடுதலாகப் போதும். அந்த ஏழை நாட்டில் முதியோர் இல்லையா? செவிலியர் இல்லையா? தகுதி இருந்தது, வாசல் திறக்கவில்லை.

அதே ஆண்டு புனித வாரத்தில் வத்திக்கானில் ஏழைகளும் வீடற்றோருமாகிய 1,200 பேருக்கு ஊசி போடப்பட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் ஊசி போட்டுக்கொள்வதை அன்புச் செயல் என்றார். பிறருக்கு ஊசி கிடைக்க வழி விடுவதும் அன்புச் செயலே என்று நான் எண்ணுகிறேன்.

என் முறை

2022 மார்ச் 16 முதல் 12 வயது நிரம்பிய சிறுவர் சிறுமியருக்கும் ஊசி வந்தது. என் தோழியர் சிலர் பள்ளியிலேயே போட்டுக்கொண்டு, கையைத் தேய்த்தபடி பெருமையாக வகுப்புக்கு வந்தார்கள். நான் 2010 நவம்பரில் பிறந்தவள். எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். இது அநியாயம் என்றேன். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அது அநியாயம் அன்று. சிறுவருக்கு ஊசி பாதுகாப்பானதா என்று வயது வாரியாகச் சோதித்த பிறகே கொடுக்க வேண்டும். எங்கேயாவது கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும். நான் கோட்டுக்கு இப்பக்கம் நின்றேன், அவ்வளவே. என் முறை வந்தபோது நானும் போட்டுக்கொண்டேன். எனக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு விதி அநியாயம் ஆகிவிடாது. எனக்குக் கிடைத்துவிட்டது என்பதற்காக அது நியாயமும் ஆகிவிடாது. சித்தப்பாவுக்குக் கிடைத்தபோது கை தட்டிய எனக்கு இது புரிய நான்கு ஆண்டுகள் ஆயின.

தோழியரே, சிஸ்டரின் கேள்விக்கு நான் எழுதிக் கொடுத்த விடை இதுதான். யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கு முதலில். அவர் வர முடியாவிட்டால், மருந்து அவரிடம் போக வேண்டும். ஏன் இந்த வரிசை என்று கடைசியில் நிற்பவருக்கும் காரணம் சொல்ல வேண்டும். முதலில் வந்தவருக்கு முதலில் என்பது பார்வைக்குச் சமத்துவம்; ஆனால் முதலில் வர முடிந்தவர் யார் என்று கேட்டால் அதன் சாயம் வெளுத்துவிடும்.

சட்டம் இயற்றும் வயது நமக்கு இன்னும் வரவில்லை. ஆனால் உதவித்தொகை, ஓய்வூதியம், குடும்ப அட்டை என்று இன்று பலவற்றுக்கும் இணையத்தில்தான் விண்ணப்பம். நம் கையில் கைப்பேசி இருக்கிறது, எழுத்தும் தெரியும். நம் தெருவில் இவை இல்லாதவர் யார் என்று நமக்குத் தெரியும். அவருக்காக ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க அரை மணி நேரம் போதாதா? சென்ற மாதம் பால்கார அண்ணனின் மகனுக்குக் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, விட்டுப்போன கட்டங்களைச் சுட்டிக்காட்டியவர் என் சித்தப்பா.