ஸ்தோத்திரம் சொல்லியாச்சு... அடுத்த வசனம்?

சாமி, பக்தின்னு பார்த்தாலே பக்கத்தை மூடிட்டு ஓடுற நண்பர்கள் ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கங்க. யாரையும் மதம் மாத்துற உத்தேசம் இல்லை :-) இது எங்க ஆளுங்க மேல எனக்கு ரொம்ப நாளா இருக்கற ஒரு ஆதங்கம், அவ்வளவுதான்.

சர்ச் பக்கம் வராதவங்களுக்கு ஒரு சின்ன முன்னுரை. பல சபைகள்ல 'சாட்சி நேரம்'னு ஒண்ணு உண்டு. கடவுள் தனக்குச் செஞ்ச நன்மையை ஒருத்தர் எழுந்து நின்னு எல்லார் முன்னாடியும் சொல்லுவார். இன்னும் சிலர் கவர்ல பணம் வெச்சு, மேல காரணத்தை எழுதி, 'ஸ்தோத்திரக் காணிக்கை'யாப் போடுவாங்க. பிறந்தநாள், கல்யாண நாள், பையனுக்கு மெடிக்கல் சீட், விசா, புது வீடு... நல்ல பழக்கம்தான். நல்லது நடந்தா 'எல்லாம் என் திறமை'ன்னு காலரைத் தூக்கி விட்டுக்காம, நமக்கு மேல ஒருத்தர் இருக்கார்னு நினைச்சுப் பார்க்கறதுல என்ன தப்பு?

தப்பு அங்க இல்லை. 2023-ல ஐ.டி. துறையில வரிசையா ஆட்குறைப்பு நடந்தது ஞாபகம் இருக்கும். அந்தச் சமயத்துல நான் கேட்ட சில சாட்சிகள் இந்த ரகம்: "எங்க டீம்ல பாதிப் பேரை அனுப்பிட்டாங்க, கர்த்தர் என்னை மட்டும் காப்பாத்தினார், ஸ்தோத்திரம்!" எல்லாரும் சத்தமா ஆமென். அதே வரிசையில ரெண்டு பேர் தள்ளி, முந்தின வாரம்தான் வேலை போன ஒருத்தர் தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருப்பார். வீட்டுக் கடன், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அவருக்கும்தான் இருக்கு. அவரும் ஆமென் சொல்லணுமா? அப்ப அவரைக் கடவுள் கைவிட்டுட்டாரா?

லூக்கா 18-ம் அதிகாரத்துல ரெண்டு பேர் ஜெபம் பண்ணப் போற கதை ஒண்ணு வரும். பரிசேயன் ஒருத்தன், வரி வசூலிக்கிறவன் ஒருத்தன். பரிசேயனோட ஜெபம் ஆரம்பிக்கறதே நன்றியிலதான்! 'மத்தவங்க மாதிரி நான் இல்லையே, அதுக்கு நன்றி'ன்னு. இயேசு அந்த நன்றியை ஏத்துக்கலை. அடுத்தவனோட ஒப்பிட்டுச் சொல்ற நன்றி, நன்றி மாதிரியே இருக்கும். ஆனா உள்ளுக்குள்ள அது வெறும் நிம்மதிப் பெருமூச்சு.

அப்ப நிஜமான நன்றின்னா என்ன? எபிரெயர் 13:15 எங்க ஆளுங்களுக்கு மனப்பாடம். உதட்டால துதிக்கறதே கடவுளுக்குக் கொடுக்கற பலிங்கற வசனம். பாட்டுல வரும், ஜெபத்துல வரும், காலண்டர்ல கூட வரும். சரி, 16-ம் வசனம்? நன்மை செய்யறதையும் இருக்கறதைப் பகிர்ந்துக்கறதையும் மறந்துடாதீங்க, கடவுளுக்குப் பிரியமான பலிகள் இதுதான்னு சொல்லுது. ஆக ரெண்டும் சேர்ந்துதான் ஒரு ஸ்தோத்திரம். நாம பாதியில கட் பண்ணிட்டு ஆமென் போட்டுடறோம்.

"தம்பி, கிரியையினால ரட்சிப்பு இல்லை, கிருபையினாலதான்"னு பெரியவர் யாராவது விரலை நீட்டுவார், தெரியும். அவர் சொல்றது எபேசியர் 2:8, 9. ஐயா, அங்கயும் அடுத்த வசனம் ஒண்ணு இருக்கு. 10-ம் வசனம், நற்கிரியை செய்யறதுக்காகவே நாம உண்டாக்கப்பட்டோம்னு சொல்லுது. சேவைங்கறது கடவுளுக்குக் கட்டற இ.எம்.ஐ. இல்லை. வாங்கினது கையில நிக்காம வழிஞ்சு அடுத்தவனுக்குப் போறது, அவ்வளவுதான்.

இதுக்குப் பெரிய பெரிய ஊழியம் எல்லாம் ஆரம்பிக்க வேண்டாம். எங்க ஆச்சி உலையில அரிசி போடறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி எடுத்துத் தனியா ஒரு டப்பாவுல போடுவாங்க. மாசக் கடைசியில அது இல்லாதப்பட்ட வீடு ஒண்ணுக்குப் போகும். மிசோரம்ல பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் இதையே 1910-ல ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் செஞ்சுட்டு வர்றாங்க. புஃபாய் தாம்னு பேரு. ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் ஒரு பிடி. அப்படிச் சேர்ற அரிசியை வித்து சபையோட ஊழியத்துக்குக் கொடுக்கறாங்க. நம்ம பாஷையில சொன்னா, நன்றிக்கு ஒரு கிரான் ஜாப் எழுதி வெச்சுட்டாங்க! மூடு இருக்கோ இல்லையோ, அது பாட்டுக்கு ஓடும்.

நாமளும் இப்படி ஒண்ணு வெச்சுக்கலாமே. வேலை தப்பிச்சுதா? வேலை போனவரோட ரெஸ்யூமேயைத் தெரிஞ்ச நாலு இடத்துக்கு அனுப்பி, ரெண்டு சாயங்காலம் உட்கார்ந்து இன்டர்வியூவுக்குத் தயார் பண்ணி விடுங்க. வீட்டுல ஒருத்தருக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா? உடம்பு நல்லா இருக்கற ஆண்கள் 3 மாசத்துக்கு ஒரு தடவையும், பெண்கள் 4 மாசத்துக்கு ஒரு தடவையும் ரத்தம் கொடுக்கலாம். கல்யாண நாளா? கேக் வாங்கற கையோட, மணியடிச்சு, பெருக்கி, கடைசியா கதவைப் பூட்டிட்டுப் போற கோயில் குட்டியார்கிட்ட "சாப்பிட்டீங்களா அண்ணாச்சி"ன்னு கேட்டுட்டு, கலைஞ்சு கிடக்கற நாற்காலியை அவரோட சேர்ந்து அடுக்கி வைங்க.

ராத்திரி ஜெபத்துலயும் ஒரே ஒரு வரி கூட்டிக்கிட்டா போதும். 'நன்றி ஆண்டவரே'க்குப் பிறகு, 'நாளைக்கு யாருக்கு?'ன்னு. அந்தக் கேள்விக்கு ஒரு பேர் வந்தாத்தான் ஜெபம் முடிஞ்சதுன்னு அர்த்தம்னு நான் நினைக்கிறேன்.

சாட்சி சொல்ல வேண்டாம்னு சொல்லலை. சொல்லுங்க, சத்தமாவே சொல்லுங்க. ஆனா ரெண்டு பேர் தள்ளி உட்கார்ந்திருக்கறவரும் மனசார ஆமென் சொல்ற மாதிரி சொல்லுங்க.

மாற்றுக் கருத்து இருக்கறவங்க தாராளமா வந்து திட்டலாம். அதுக்கும் ஸ்தோத்திரம் :-)