அறையும் ஒரு வாத்தியமே

சங்கீதப் பிரியர் நால்வர் கூடுமிடத்தில் இராகத்தைப் பற்றிய பேச்சிலும் ஒலிபெருக்கியைப் பற்றிய பேச்சே இக்காலத்தில் மிகுந்துவிட்டது. இவருடைய விரியலாக்கி எந்நாட்டது, அவருடைய கம்பி எத்தனை ஆயிரம் ரூபா என்பவற்றைக் கேட்டுக் கேட்டு யானும் அவ்வழியிற் சென்றேன். சென்று பட்ட பாட்டைக் கூறினால் பிறர்க்குப் பயன்படும் என்றே இதனை எழுதுகின்றேன்.

காலஞ்சென்ற என் தமையனார் மிருதங்கம் வாசிப்பவர். அவர் பக்கவாத்தியமாக இருந்த கச்சேரி ஒன்று மட்டும் ஒலிநாடாவில் எஞ்சியிருந்தது. அதனைச் செவ்வையாகக் கேட்கும் ஆசையினால், ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் கூரை திருத்துவதற்கென ஒதுக்கிய பகுதியை எடுத்து, உயர்தர விரியலாக்கி ஒன்றும் பெரிய ஒலிபெருக்கிகள் இரண்டும் வாங்கினேன். முன்னறையின் இரு மூலைகளிலும் அவற்றை நிறுத்தி, எதிர்ச்சுவரோடு கதிரையைப் போட்டு அமர்ந்தேன். தொப்பியின் நாதம் எங்கே? குடத்துக்குள் இடி முழங்கினாற்போல் ஓர் இரைச்சல் எழுந்து வலந்தலையின் சொற்களையும் விழுங்கிற்று. வாங்கிய இடத்தில் முறையிட்டேன். கம்பியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். பின்னர் விரியலாக்கியே போதாது என்றார்கள். கூரையோ ஒழுகிக்கொண்டிருந்தது.

ஒருநாள் என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். இன்று அவர் பௌதிக ஆசிரியர். கருவிகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினார். "சேர், பிழை சாமானிலை இல்லை; அறையிலைதான்" என்றார்.

பின்பு அவர் ஒரு வரலாற்றை நினைவூட்டினார். 1895ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் புதிதாய் எழுந்த விரிவுரை மண்டபமொன்றிற் பேசுவோரின் பேச்சு எவருக்கும் விளங்கவில்லை. சொன்ன சொல் 5.5 செக்கன் வரை நீடித்து அடுத்த சொற்களோடு கலந்தது. இதற்குப் பரிகாரம் காணும் பணி வோலஸ் சபைன் என்னும் இளம் பௌதிக அறிஞரிடம் வந்தது. அவர் இரவு நேரங்களில் வேறொரு மண்டபத்தின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஓர் ஓகன் குழலை ஒலித்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அறையின் கனவளவு கூட ஒலியின் நீடிப்புக் கூடும். ஒலியை உறிஞ்சும் பொருள் கூட அது குறையும் என்னும் விதி அவ்வாறு பிறந்தது. அவ்வறிவைக் கொண்டு அமைத்து 1900இல் திறக்கப்பட்ட பொஸ்டன் இசைமண்டபம் இன்றும் உலகின் சிறந்த மண்டபங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது.

நம் வீடுகளையோ பாருங்கள். சீமெந்துத் தரை, சாந்து பூசிய சுவர், கண்ணாடி யன்னல். எல்லாம் ஒலியைத் திருப்பி எறிவன. அன்றியும், 16 அடி நீளமான அறை, செக்கனுக்குச் சுமார் 35 அதிர்வுகளையும் அதன் மடங்குகளான 70, 105 என்பவற்றையும் பரிவினால் பெருக்கிக் காட்டும். ஒலிபெருக்கியை மூலையில் வைப்பது அக்குற்றத்துக்கு உரமிடுவதாகும். பாயும் திரைச்சீலையும் மேற்றாயிச் சுரங்களின் கூச்சத்தைத் தணிக்குமேயன்றித் தாழ்ந்த ஒலியை அடக்கமாட்டா. அதற்கு ஒலிபெருக்கியையும் கதிரையையும் இடம்பெயர்ப்பதே எளிய வழி.

அவ்வாறே செய்தோம். ஒலிபெருக்கிகளை மூலையிலிருந்து மூன்றடி முன்னே கொணர்ந்தோம். கதிரையைச் சுவரினின்றும் பிரித்து, மூன்றும் முக்கோணமாய் அமைய வைத்தோம். புத்தக அலுமாரியை வெறுஞ்சுவரில் நிறுத்தினோம். தரையிற் பாய் விரித்தோம். தரையில் வெண்கட்டியாற் கோடிட்டு, இரண்டு வாரம் அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். செலவு திரைச்சீலைத் துணிக்கு மட்டுமே. ஒருநாள் மாலை தமையனாரின் இடக்கை தொப்பியிற் படிந்து வழுக்கும் கும்காரம் தனித்துக் கேட்டது. ஒலிநாடாவை நிறுத்தாமல் கடைசிவரை இருந்தேன்.

கருவி எதுவானாலும் ஒன்றே என யான் வாதிக்கவில்லை. தரங்குறைந்த ஒலிபெருக்கி தன்னிடமில்லாத நாதத்தைத் தரமாட்டாது. ஆயின் கம்பி போதிய தடிப்புடையதாயிருந்தாற் போதும். செக்கனுக்கு 40,000 அதிர்வு வரை ஒலிக்கும் என்னும் விளம்பரத்தால் யாருக்கு என்ன பயன்? மனிதச் செவியின் எல்லை ஏறக்குறைய 20,000. வயது ஏற அதுவும் குறையும். என் போன்ற முதியவர்கள் அதற்குப் பணம் கொடுப்பது வீண். முதலில் அறை, அடுத்து ஒலிபெருக்கி, ஏனையவை அதன் பின் என்பதே யான் கண்ட ஒழுங்கு.

இவ்வறிவு சங்கீதப் பிரியருக்கு மட்டும் உரியதன்று. எத்தனை பாடசாலை மண்டபங்களில் பின்வரிசைப் பிள்ளைகள் ஆசிரியரின் சொல் விளங்காமல் இருக்கின்றனர்! ஒலிவாங்கியின் ஒலியைக் கூட்டுவதையே நாம் மருந்தாகக் கொள்கின்றோம். ஆசிரிய அன்பர்கள் அடுத்த முறை அவ்வாறு செய்யுமுன், மண்டபத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்ப்பார்களாக.