பாடசாலைக்குக் கமரா வாங்கப் போறீங்களா?

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கினால் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கமராப் பேச்சு வந்துவிடும். முதல் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல்?" என்னைக் கேட்டால் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. ஆறுக்கு நாலு அங்குலப் படம் அச்சடிக்க 2 மெகாபிக்சலே தாராளம். ஏ4 தாளுக்கு 9.

பார்க்க வேண்டியது ஒப்டிகல் சூம். அதில் லென்ஸ் நகர்ந்து தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும். டிஜிட்டல் சூம் படத்தின் நடுவை வெட்டிப் பெருப்பிக்கிற வேலைதான். இரண்டு மடங்கு இழுத்தால் 20 மெகாபிக்சல் 5 ஆகிவிடும். மைதானத்தின் மறுகரையில் ஓடும் பிள்ளைக்கு முகமே இருக்காது.

"போன் போதாதா சேர்?" இருட்டு மண்டபத்தில் மலிவான கமராவை விட நல்ல போன் மேல்தான். மைதானத்துக்குத்தான் கமரா.

பாவித்தது வாங்குவதில் வெட்கமில்லை. ஆனால் வன்னிப் புழுதி லென்ஸ் நீளும் இடைவெளியால் உள்ளே போயிருக்கும். சூமை முழுதாக இழுத்து வானத்தைப் படமெடுத்துப் பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால் வேண்டாம்.

1990இல் வெளியேற்றப்பட்ட எங்கள் ஆட்களிலும், 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய் மீண்டவர்களிலும் பலரிடம் சிறுவயதுப் படம் ஒன்றுகூட இல்லை. அந்தப் பெற்றோரின் காசு இது. படத்தை அச்சடித்துப் பிள்ளையின் கையில் கொடுக்கிற செலவையும் அதே கூட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.